ஹிப்போகேம்பஸ்: மூளைக்குள் கடற்குதிரை எப்படி வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிப்புக்கோ ஞாபக மறதிக்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் இந்தச் சொல் அநேகமாக இருக்கும். நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இதை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த மனப்பாடத்துக்கே இந்த உறுப்புதான் வேண்டும் என்பது வேறு விஷயம். மூளையின் பாகங்களில் இவ்வளவு வேடிக்கையான வரலாறு கொண்ட பெயர் வேறு ஏதும் உண்டா என்பது சந்தேகமே. பெயரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஹிப்போகேம்பஸ் என்றால் என்ன பொருள்?

கிரேக்கச் சொல். ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. ‘கம்போஸ்’ என்றால் கடலில் வாழும் பூதாகரமான பிராணி. இரண்டும் சேர்ந்து லத்தீன் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கடற்குதிரை என்று சொன்னால் போதும்.

ஹிப்போஸ் நமக்கு முற்றிலும் அந்நியமான சொல்லும் அல்ல. வடமொழியின் ‘அசுவம்’ பிறந்த அதே பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்துதான் ஹிப்போஸும் பிறந்தது. அசுவமேத யாகத்திலும் அசுவினி நட்சத்திரத்திலும் நிற்கும் குதிரைக்கு இது ஒன்றுவிட்ட உறவு. மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஹிப்போகிரட்டீஸின் பெயரில் இருப்பதும் இதே குதிரை. ஊரில் பிலிப்பு என்று யாராவது இருந்தால் அவர் பெயரிலும் உண்டு: ‘குதிரைகளை நேசிப்பவன்’ என்பது அதன் பொருள்.

பின்பாதியில் வரும் ‘கேம்பஸ்’ கல்லூரி கேம்பஸ்தானா?

இல்லை. கல்லூரி கேம்பஸ் லத்தீன் சொல். திறந்த வெளி, சமவெளி என்று பொருள். இது கிரேக்கக் கடல் பூதம். எழுதும்போது ஒன்றுபோல ஆகிவிட்டது, அவ்வளவுதான். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இதை வைத்து ஜோக் அடிப்பதைத் தடுக்க முடியாது.

அது எங்கே இருக்கிறது? நிஜமாகவே கடற்குதிரை போலத்தான் இருக்குமா?

காதை ஒட்டி, நெற்றிப்பொட்டுக்கு உட்பக்கமாக அமைந்திருக்கும் மூளைப் பகுதிக்கு டெம்போரல் மடல் என்று பெயர். அந்த மடலின் உள்விளிம்பு சுருண்டு மடங்கி, மூளைக்குள்ளிருக்கும் நீர் நிறைந்த அறைக்குள் ஒரு மேடாகப் புடைத்து நிற்கிறது. அந்த மேடுதான் ஹிப்போகேம்பஸ். நீளம் ஏறக்குறைய 4 முதல் 5 சென்டிமீட்டர். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என ஆளுக்கு இரண்டு. ஒருமையில் பேசுவது வழக்கம் என்பதால் பலருக்கு இது தெரிவதில்லை.

ஸ்கேன் படத்தில் கடற்குதிரையைத் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். அங்கே தெரிவது குறுக்கே வெட்டிய தோற்றம். சுருட்டிவைத்த பாய் மாதிரி இருக்கும். முழு உறுப்பையும், அதன் பின்முனையிலிருந்து வளைந்து மேலேறும் ஃபோர்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றையோடு சேர்த்து, அறுபடாமல் பிரித்தெடுத்தால்தான் உருவம் பிடிபடும். ஹங்கேரி ஆய்வாளர் லாஸ்லோ செரெஷ் 1980-ல் அப்படிப் பிரித்தெடுத்த மனித ஹிப்போகேம்பஸையும் ஒரு கடற்குதிரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். பருத்த தலை, வளைந்த உடல், சுருண்ட வால் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. அந்தப் படத்தைப் பார்த்தபின் பெயரோடு சண்டை போட மனம் வராது.

இந்தப் பெயரை வைத்தது யார்?

இத்தாலியின் போலோஞா நகரில் உடற்கூறியலும் அறுவை மருத்துவமும் கற்பித்த ஜூலியோ சேசரே அரான்சி. லத்தீனில் அரான்டியஸ். கருவிலிருக்கும் குழந்தையின் உடலை ஆராய்வதில் பெயர் பெற்றவர். கருவின் ஈரலருகே செல்லும் ஒரு ரத்தக்குழாய்க்கும், இதயத்தின் அயோர்ட்டா வால்வில் இருக்கும் சிறு முடிச்சுகளுக்கும் இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. 1587-ல் வெனிஸில் அச்சான தன் நூலில் மூளைக்குள் தெரிந்த இந்த வெண்ணிற மேட்டை அவர் வருணித்தார்.

அரான்சி உறுதியாக ஒரு பெயரைச் சொல்லவில்லை. முதலில் கடற்குதிரை போல இருக்கிறது என்றார். பிறகு, வெண்ணிறப் பட்டுப்புழு போலவும் இருக்கிறது என்றார். போலோஞா அக்காலத்தில் பட்டு நூற்புக்குப் பேர்போன ஊர். அங்கே வாழ்ந்தவருக்குப் பட்டுப்புழு ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் படம் ஏதும் வரைந்து வைக்காமல் போய்விட்டார். எந்த முனை தலை, எது வால், அவர் மனதிலிருந்தது எந்தக் கடற்குதிரை என்று பின்னால் வந்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள இதுவே காரணம்.

முதல் படம் வெளிவர 1729 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வரைந்தவர் டுவெர்னாய் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர். அவரும் கடற்குதிரையா பட்டுப்புழுவா என்று தீர்மானிக்க முடியாமல் தடுமாறினார்! கடைசியில் கடற்குதிரை ஜெயித்தது. என்னைக் கேட்டால், பாதி திறந்த மூளையில் பார்க்கும்போது பட்டுப்புழுதான் இன்னும் பொருத்தம். கொழுத்து, வெளுத்து, லேசான மடிப்புகளோடு அப்படியே ஒரு புழு படுத்திருப்பது போலத் தெரியும். ஆனால் ‘எனக்கு மூளையில் பட்டுப்புழு சுருங்கிவிட்டதாம்’ என்று நோயாளி வீட்டில் போய்ச் சொல்வதைவிடக் கடற்குதிரை தேவலை.

பெயரில் இருப்பது நிஜமான மீனா, புராண விலங்கா?

கிரேக்கர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். புராண ஹிப்போகேம்பஸ் முன்பாதி குதிரையாகவும் பின்பாதி மீன் வாலாகவும் இருக்கும். கடல் தெய்வமான பொசைடனின் தேரை இழுப்பது அதன் வேலை. பழைய ரோமானியத் தரைச் சித்திரங்களில் அடிக்கடி வரும். ரோம் நகரின் திரெவி நீரூற்றுக்குப் போனவர்கள் நடுவிலிருக்கும் தேரின் முன்னே அவற்றைப் பார்த்திருப்பார்கள்.

கையடக்கக் கடற்குதிரை மீன், ஹிப்போகேம்பஸ் என்ற பேரினப் பெயரை அதிகாரபூர்வமாகப் பெற்றது 1810-ல். அதைச் செய்தவர் ரஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர். அதாவது விலங்கியலின் பெயர்ப்பட்டியலில் மீன் ஏறுவதற்கு 223 ஆண்டுகளுக்கு முன்பே மூளை ஏறிவிட்டது.

புராண விலங்கை மனதில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஹிப்போகேம்பஸின் முன்முனையில் விரல்கள் போன்ற சில மேடுகள் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு ‘ஹிப்போகேம்பஸின் பாதம்’ என்று பொருள்படும் லத்தீன் பெயர் 17-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் வந்துவிட்டது. மீனுக்கு ஏது பாதம்? தேர் இழுக்கும் கடற்குதிரைக்குத்தான் முன்னங்கால்கள் உண்டு.

இதை நீர்யானை என்று எழுதியிருக்கிறார்களாமே?

ஆமாம், அரை நூற்றாண்டு காலம். 1779-ல் ஜெர்மன் உடற்கூறியலாளர் மேயர், ஹிப்போகேம்பஸ் என்பதற்குப் பதிலாக ஹிப்போபொட்டமஸ் என்று எழுதிவிட்டார். அவர் நூலைப் பார்த்து எழுதியவர்களும் அப்படியே எழுதினார்கள். ஈயடிச்சான் காப்பி என்பது நம் ஊர்ச் சொத்து மட்டும் அல்ல. 1829-ல் புர்டாக் என்பவர் திருத்தும் வரை ஐரோப்பியர் சிலரின் மூளையில் நீர்யானை குடியிருந்தது.

ஹிப்போபொட்டமஸ் என்றால் ஆற்றுக்குதிரை. அந்தப் பிராணியைப் பார்த்து கிரேக்கர்களுக்குக் குதிரை ஞாபகம் வந்திருக்கிறது, நமக்கு யானை ஞாபகம் வந்திருக்கிறது. தமிழர்கள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றுகிறது.

ரிப்போர்ட்டிலும் பாடநூலிலும் வரும் சி.ஏ.1, சி.ஏ.3 என்பவை என்ன?

சி.ஏ. என்பது ‘கார்னு ஆமோனிஸ்’ என்பதன் சுருக்கம். லத்தீனில் ஆமோனின் கொம்பு. ஆமோன் எகிப்தியரின் பெருந்தெய்வம். ஆட்டுக்கடாவின் வளைந்த கொம்புகளோடு சித்திரிக்கப்பட்டவர். அலெக்சாண்டர் தன்னை ஆமோனின் மகன் என்று சொல்லிக்கொண்டதால், அவர் உருவம் பொறித்த நாணயங்களில்கூடக் காதருகே அந்தக் கொம்பு சுருண்டிருக்கும்.

கடற்குதிரைக்கும் பட்டுப்புழுவுக்கும் இடையே வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, பாரிஸில் பணியாற்றிய வின்ஸ்லோ 1732-ல் இது ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி இருக்கிறது என்று மூன்றாவது கட்சி ஒன்றைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து டி கரான்ஜோ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் அதற்குத் தெய்வீகம் ஏற்றி ஆமோன் கொம்பு என்றாக்கினார். 1934-ல் லொரென்டே டி நோ என்ற ஸ்பானிய நரம்பியலாளர் நரம்பணுக்களின் வடிவத்தையும் இணைப்பையும் வைத்து அந்தக் கொம்பை சி.ஏ.1 முதல் சி.ஏ.4 வரை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். இன்றைய ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் பின்பற்றுவது அந்தப் பிரிவைத்தான். ஆக, முழு உறுப்பைச் சொல்லும்போது கடற்குதிரை. உள்ளே நுழைந்து அணுக்களைப் பேசும்போது ஆட்டுக்கொம்பு. தோற்ற கட்சியும் ஒரு இலாகாவைக் கையில் வைத்துக்கொண்டது.

நம் வீட்டுப் பூஜையறைகளுக்கும் இந்தக் கொம்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்களில் சக்கரம் போல ஒரு சுருள் தெரியும் அல்லவா? அது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து அழிந்துபோன அம்மோனைட் என்ற உயிரினத்தின் ஓடு பதிந்த தடம். அம்மோனைட் என்ற பெயரும் இதே ஆமோனின் கொம்பிலிருந்துதான் வந்தது. பெருமாளாக வழிபடப்படும் கல்லுக்கு நிலவியலாளர் வைத்த பெயரிலும், மூளை ஆய்வாளர் எழுதும் சி.ஏ.1-லும் ஒரே எகிப்தியக் கடவுள்தான் இருக்கிறார்.

‘ஹிப்போகேம்பஸ் மைனர்’ என்று ஒன்று இருந்ததா? அதற்காக சண்டையே நடந்ததாமே?

இருந்தது. சண்டையும் நடந்தது, பத்திரிகைகள் கேலிப்பாட்டு எழுதும் அளவுக்கு நடந்தது.

மூளையின் பின்பக்கத்து நீரறையில் ஒரு சின்னப் புடைப்பு உண்டு. சேவலின் காலில் இருக்கும் முள் போல இருப்பதால் அதற்கு ‘பறவையின் முள்’ என்று பொருள்படும் கால்கார் ஏவிஸ் என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது இது ஹிப்போகேம்பஸ் மைனர் ஆயிற்று, நிஜமான ஹிப்போகேம்பஸ் மேஜர் ஆயிற்று. உண்மையில் சின்னதற்கும் பெரியதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூளையின் பின்பக்கம் வெளியிலிருந்து ஆழமாக மடிந்து வருவதால் உள்ளே ஏற்படும் வீக்கம்தான் இந்த மைனர்.

இந்த அப்பாவி வீக்கத்தை ரிச்சர்ட் ஓவன் மனித குலத்தின் மகுடமாக்கினார். டைனோசர் என்ற சொல்லைப் படைத்தவர் அவர். இங்கிலாந்தில் அன்று அவரை மிஞ்சிய உடற்கூறியலாளர் இல்லை. 1857-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரையில், மனித மூளையில் மட்டும் இருப்பவை என்று மூன்று அடையாளங்களைச் சொன்னார். அவற்றில் ஒன்று ஹிப்போகேம்பஸ் மைனர். குரங்குகளுக்கு இது கிடையாது. ஆகவே மனிதனைக் குரங்கோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது. அவனுக்குத் தனி உள்வகுப்பே வேண்டும் என்பது அவர் வாதம்.

1859 நவம்பரில் டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வந்தது. அதன்பின் இது வெறும் உடற்கூறியல் குறிப்பாக இருக்க முடியவில்லை. குரங்கின் மூளையில் அந்தப் புடைப்பு இருந்தால் மனிதனும் குரங்கும் சொந்தக்காரர்கள். இல்லையென்றால் இல்லை என்று விவகாரம் முற்றியது. 1860 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி எழுந்து, ஓவன் சொல்வது தவறு, அதை எழுத்தில் நிரூபிப்பேன் என்றார். ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் மோதிய அந்தப் பிரசித்தி பெற்ற சபை நடந்தது இதற்கு இரண்டு நாள் கழித்து, அதே கூட்டத்தில்.

சொன்னபடியே செய்தார். 1861-ல் கட்டுரை, 1863-ல் மனிதனுக்கு இயற்கையில் உள்ள இடத்தைப் பற்றிய நூல். அவர் பக்கம் நின்ற வில்லியம் ஃபிளவர் 1862-ல் கேம்பிரிட்ஜில் நடந்த கூட்டத்தில் குரங்கின் மூளையை எல்லாரும் பார்க்கும்படி அறுத்துக் காட்டினார். அந்த ‘மைனர்’ அங்கே இருந்தது. ஓவன் இறங்கி வரவில்லை. மனிதனில் இருக்கிற அளவு இல்லை என்று வார்த்தையை மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தார். பஞ்ச் என்ற நையாண்டிப் பத்திரிகை இந்தச் சண்டையைச் செய்யுளாக்கிச் சிரித்தது. 1863-ல் சார்லஸ் கிங்ஸ்லி எழுதிய குழந்தைக் கதையில் ஒரு பேராசிரியர், குரங்குகளுக்கும் மனிதர்களைப் போலவே மூளையில் ‘ஹிப்போபொட்டமஸ் மேஜர்’ உண்டு என்று சாதிப்பார். மேயரின் நீர்யானை வேறு வேடத்தில் வந்துவிட்டது!

இன்று மைனர் என்ற பெயர் வழக்கொழிந்துவிட்டது. சேவல் முள் பழையபடி சேவல் முள்ளாகிவிட்டது. மைனர் போனபின் மேஜர் எதற்கு? அதுவும் உதிர்ந்து வெறும் ஹிப்போகேம்பஸ் என்று நிற்கிறது.

பெயர் வைத்தபோது அது என்ன வேலை செய்கிறது என்று தெரியுமா?

தெரியாது. அந்தக் காலத்து உடற்கூறியலாளர்கள் கத்தியால் அறுத்தார்கள், கண்ணுக்கு எது போலத் தெரிந்ததோ அந்தப் பெயரை வைத்தார்கள். வேலையைப் பற்றிய ஒரு துப்பும் இந்தப் பெயரில் கிடையாது. நினைவாற்றலோடு கடற்குதிரையை இணைத்துச் சமூக ஊடகங்களில் உலவும் விளக்கங்கள் எல்லாம் பின்னால் ஒட்டவைத்தவை.

20-ஆம் நூற்றாண்டு பிறந்தபின்னும் இதை மோப்ப உறுப்பாகவே பலர் நினைத்தார்கள். முகர்தலுக்கான நரம்புகள் பக்கத்தில் ஓடுவதால் வந்த எண்ணம் அது. நாய், எலி போன்றவற்றில் அது பெரிதாக இருப்பதும் வசதியாகப் போயிற்று. 1900-லேயே ரஷ்ய மருத்துவர் பெக்தெரெவ், கடுமையான மறதி கொண்ட ஒருவரின் மூளையில் இந்தப் பகுதி சிதைந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1937-ல் அமெரிக்கரான பேப்பெஸ் இதை உணர்ச்சிகளுக்கான நரம்புச் சுற்றின் ஒரு கண்ணியாக வைத்தார். மோப்பக் கொள்கையை நார்வேயின் புரோடால் 1947-ல் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். பிறகுதான் விடை வந்தது. வந்த விதம்தான் கொடுமை.

ஹெச்.எம். என்பவர் யார்?

ஹென்றி மொலேசன், 1926-ல் பிறந்த அமெரிக்கர். எந்த மருந்துக்கும் கட்டுப்படாத வலிப்பு அவருக்கு. 1953-ல், 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய இரண்டு டெம்போரல் மடல்களின் உட்பகுதியையும் அகற்றினார். ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புது ஆள். இளமைக்கால நினைவுகள் இருந்தன, புத்திக்கூர்மைக்குக் குறைவில்லை, பேச்சில் மரியாதை மாறவில்லை.

கனடாவின் மான்ட்ரியாலிலிருந்து வந்து அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஸ்கோவிலுடன் சேர்ந்து 1957-ல் வெளியிட்ட கட்டுரைதான் ஹிப்போகேம்பஸை நினைவின் உறுப்பாக நிலைநிறுத்தியது. மில்னர் செய்த சோதனைகளில் ஒன்று, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு இழுப்பது. ஹென்றி நாளுக்கு நாள் அதில் தேறினார். ஆனால் ஒவ்வொரு முறையும் இதை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதாகச் சொன்னார். சைக்கிள் ஓட்டுவது மாதிரியான கை-கால் பழக்கத்துக்கு மூளையில் வேறு இடம் உண்டு என்பது இதிலிருந்து தெரிந்தது.

அவர் உயிரோடிருந்தவரை ஆய்வு உலகம் அறிந்தது ஹெச்.எம். என்ற இரண்டெழுத்தை மட்டுமே. 2008-ல் இறந்தபின் முழுப்பெயர் வெளியானது. பெயரும் அடையாளமும் மறைக்கப்பட்ட ஒரு மனிதரால்தான், 366 ஆண்டுகளாகப் பெயர் மட்டும் இருந்த ஒரு உறுப்புக்கு வேலை என்னவென்று தெரிய ஆரம்பித்தது.

வழி கண்டுபிடிப்பதற்கும் இதுதான் உதவுகிறதா?

ஆம். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களை ஹிப்போகேம்பஸில், குறிப்பாக சி.ஏ.1-ல், ஜான் ஓ’கீஃப் 1971-ல் லண்டனில் கண்டுபிடித்தார். 2014-ல் அவருக்கும், அருகிலுள்ள பகுதியில் இதன் கூட்டாளி அணுக்களைக் கண்ட நார்வேயின் மோசர் இணையருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதைவிட மக்களிடையே பிரபலமானது லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் விஷயம். உரிமம் வாங்க அவர்கள் சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். 2000-ல் எலினார் மக்வயர் குழு நடத்திய ஆய்வில், அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. முன்பகுதி சிறிதாக இருந்தது. இந்த இரண்டாவது பாதியைச் செய்தியில் யாரும் சொல்வதில்லை.

பக்கத்தில் இருக்கும் பாகங்களின் பெயர்களும் இப்படித்தானா?

பெரும்பாலும். ஹிப்போகேம்பஸின் முன்னால் ஒட்டியிருக்கும் அமிக்டலா என்றால் பாதாம் பருப்பு. வைத்தவர் நீர்யானையை விரட்டிய அதே புர்டாக். ஃபோர்னிக்ஸ் என்றால் வளைவு. ரோமில் கட்டடங்களின் வளைவுகளுக்குக் கீழே விலைமகளிர் இருந்ததால் அந்தச் சொல் அங்கே வேறு பொருளும் பெற்றது. வகுப்பில் இதைச் சொல்லும் ஆசிரியர்கள் குறைவு. ஃபிம்பிரியா என்றால் துணியின் ஓரக் குஞ்சம். டென்டேட் என்றால் பல் போன்றது.

நாமும் வேறு மாதிரி அல்ல. காலின் பின்பக்கத்துச் சதையைக் கெண்டைச்சதை என்கிறோம். கெண்டை மீனும் நமக்குத் தெரியும். காதுமடல், குருத்தெலும்பு என்றெல்லாம் சொல்லும்போது தாழையும் பனையும் நம் உடம்பில் இருக்கின்றன.

தமிழில் என்ன சொல்ல வேண்டும்?

மருத்துவமனையில் ஹிப்போகேம்பஸ் என்றே சொல்லுங்கள். ஹிப்போகாம்பஸ் என்றாலும் பாதகமில்லை. மருத்துவருக்கும் ஸ்கேன் சென்டருக்கும் புரிய வேண்டியதுதான் முக்கியம். பொதுவாசகருக்கு எழுதும்போது முதல் இடத்தில் ‘நினைவுகளைப் பதியவைக்கும், கடற்குதிரை வடிவப் பகுதி’ என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு, பிறகு ஹிப்போகேம்பஸ் என்றே தொடரலாம். வெறுமனே ‘மூளையின் கடற்குதிரை’ என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் படிப்பவர் அதை வைத்து எந்த நூலிலும் மேற்கொண்டு தேட முடியாது.

கடற்குதிரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா?

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை இது. உருவ ஒற்றுமையால் வந்த பெயர். மீனுக்கும் நினைவுக்கும் சம்பந்தமில்லை. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்குதிரைகள் உண்டு. காயவைத்து வெளிநாட்டு மருந்துச் சந்தைக்கு அனுப்பும் வியாபாரமும் அங்கே நடந்தது. 2001-ல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபின் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

ரிப்போர்ட்டில் ‘ஹிப்போகேம்பல் ஸ்கிளிரோசிஸ்’, ‘அட்ரோபி’ என்று இருக்கிறதே?

சொற்பொருள் மட்டும் சொல்கிறேன். ஸ்கிளிரோசிஸ் என்றால் கிரேக்கத்தில் கெட்டிப்படுதல். வலிப்பு நோயாளிகள் சிலரின் ஹிப்போகேம்பஸ் தொட்டால் கெட்டியாக இருந்ததை 1825-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் பூஷேயும் கசோவியேயும் குறித்துவைத்தார்கள். எந்தப் பகுதியில் அணுக்கள் அதிகம் செத்துப்போகின்றன என்று 1880-ல் வில்ஹெல்ம் சொம்மர் என்ற ஜெர்மன் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார். இன்று நாம் சி.ஏ.1 என்று அழைக்கும் இடம்தான் அது. ஆக்சிஜன் குறைந்தாலும் முதலில் அடிபடுவது அதுவே. அணுக்கள் போய்த் தழும்புத் திசு நிறைவதைத்தான் ஸ்கேன் காட்டுகிறது: அளவு சிறுத்திருக்கும், சில வகைப் படங்களில் வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரியும். ‘மீசியல் டெம்போரல் ஸ்கிளிரோசிஸ்’ என்று எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இதே பொருள். மீசியல் என்றால் நடுக்கோட்டை ஒட்டிய பக்கம்.

அட்ரோபி என்றால் ஊட்டமின்மை, அதாவது மெலிந்துபோதல். அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே சுருங்கும் இடங்களில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. ஆனால் வயதானாலும் ஓரளவு சுருங்கும். அதனால் அந்த ஒரு சொல்லை வைத்து வீட்டில் யாரும் முடிவுக்கு வர வேண்டாம். ரிப்போர்ட்டோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் ஹென்றிக்கு ஆனது போல ஆகிவிடுமா?

அவருக்கு எடுத்தது இரண்டு பக்கமும். அந்தப் பாடத்துக்குப் பிறகு யாரும் அப்படிச் செய்வதில்லை. மருந்துக்கு அடங்காத வலிப்பு ஒரு பக்கத்து ஹிப்போகேம்பஸிலிருந்துதான் கிளம்புகிறது என்று உறுதியானால், அந்தப் பக்கத்தை மட்டும் அகற்றுவார்கள். நம் மக்கள் நிறையப் பேர் போய்வரும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995-லிருந்து இத்தகைய வலிப்பு அறுவை சிகிச்சை நடக்கிறது.

அகற்றும் முன், எஞ்சப்போகும் பக்கம் தனியாக நினைவைச் சுமக்குமா என்று பார்த்துவிடுவார்கள். இதற்கென்றே வாடா சோதனை என்று ஒன்று உண்டு. ஜப்பானில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஜூன் வாடா என்ற மருத்துவரின் பெயர். ஒரு பக்கத்து ரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்தி, மூளையின் அந்தப் பாதியைச் சில நிமிடம் தூங்கவைத்துவிட்டு, நோயாளியிடம் படங்களையும் பொருட்களையும் காட்டுவார்கள். மருந்து தெளிந்தபின் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். இப்போது பல இடங்களில் வாய்மொழி, எழுத்துத் தேர்வுகளும் இயக்கத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ.யும் வைத்தே இதை முடிவு செய்துவிடுகிறார்கள். இடப்பக்கத்தை எடுத்தவர்களுக்குச் சொற்களும் பெயர்களும் நினைவுக்கு வருவதில் கொஞ்சம் சிரமம் ஏற்படலாம். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை அறுவைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.